கடைசி மேசைக் கீபோர்டு

"போதும்ப்பா, எரியுது."

"இன்னும் ஒரே ஒரு தடவை. நகத்துக்கு அடியில பாரு, கறுப்பா இருக்கு."

"அது பேனா மைப்பா."

மையோ மண்ணோ, அடைப்புக்காரர் விடுவதாக இல்லை. வீட்டுப் பின்புறக் குழாயடியில் மகளை உட்கார வைத்து, துணி தேய்க்கிற பிரஷ்ஷால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். நுரை முழங்கைவரை ஏறியிருந்தது. பதின்மூன்று வயதுப் பெண். அழுதால் அப்பா மனசு கஷ்டப்படுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் ஓடுகிற பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள். பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது புள்ள கையா, இல்ல பாத்ரூம் தரையா? தோலு உரிஞ்சுடப் போவுது, விடுங்க."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. கம்ப்யூட்டர் டீச்சர் சொல்லி அனுப்பியிருக்காங்க. கையைச் சுத்தமா கழுவிட்டு வரணுமாம். பெரிய மெஷினு, அழுக்குப் பட்டா கெட்டுப்போயிடும்."

"எல்லாப் புள்ளைங்களுக்கும்தான சொன்னாங்க? அவங்க வீட்டுலயும் இப்படியா பிரஷ்ஷு போடுறாங்க?"

இதைக் கேட்டதும் பாப்பா எழுந்தாள். கையை இழுத்துக்கொண்டு, பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடைப்புக்காரர் என்றால், அந்தப் பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் சாக்கடைக்கு அவர்தான் வைத்தியர். எந்த மாடியில் எந்தக் குழாய் எங்கே வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நாலு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்குகிற இடத்தில் இறங்கி நிற்பவர் வீட்டில்தான் சோப்பு சீக்கிரம் தீரும். வேலை முடிந்து அங்கேயே ஒருமுறை குளிப்பார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஒருமுறை. அதற்கப்புறம்தான் மகளைத் தொடுவார். சுத்தத்தைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் எடுத்தார்கள். இவரும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டார்.

கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது அதே கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தில். மூன்றாவது மாடியில் குடியிருந்த இளம்பெண் ஒருத்தி, ஏதோ ஒரு கம்பெனியில் ப்ரோகிராம் எழுதுகிறவள், விடுமுறை நாளில் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள். காசு வாங்கவில்லை. கம்பெனியில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர்களைக் கேட்டு வாங்கி, மேசைக்கு ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்தாள். ஒருவர் சொல்ல வேண்டும், ஒருவர் அடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மாற்றிக்கொள்ள வேண்டும். தனியாக உட்கார்ந்தால் தப்பு கண்ணில் படாது, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் பட்டுவிடும் என்பது அவள் முறை.

ஒருநாள் அடைப்புக்காரர் குழிக்குள் கம்பி விட்டுக்கொண்டிருந்தபோது, அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த பாப்பா கூடத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். உள்ளே ஒரு பையன், கண்ணாடி போட்டவன், திரையில் ஒரு பந்தை நகர்த்தப் பார்த்தான்; அது சுவரைத் தாண்டிக்கொண்டு போய்க் காணாமலே போய்விட்டது. பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுவர் இருக்குன்னு நீ அதுக்குச் சொல்லவே இல்லையே," என்றாள். டீச்சர் திரும்பிப் பார்த்தாள். உள்ளே வா என்று கூப்பிட்டு, அந்தக் கண்ணாடிப் பையன் பக்கத்திலேயே உட்கார வைத்தாள். நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. நல்ல மனசுக்காரர்கள் எவ்வளவு தூரம் கூட வருவார்கள் என்பது போகப் போகத்தான் தெரியும்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை.

"கம்ப்யூட்டருக்குத் தானா ஒண்ணும் தெரியாதுப்பா. நாம ஒவ்வொண்ணா எழுதிச் சொன்னாதான் செய்யும். ஒரு படியை விட்டுட்டோம்னா அப்படியே நின்னுடும்."

"தப்பா எழுதிட்டா திட்டுமா?"

"திட்டாது. எந்த வரியில தப்புன்னு மட்டும் காட்டும். யாரு எழுதினான்னு கேக்கவே கேக்காது."

"பரவாயில்லையே, மனுசங்களை விட நல்ல ஜென்மமா இருக்கே," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

பாப்பாவும் கண்ணாடிப் பையனும் சேர்ந்து ஒரு விளையாட்டு எழுத ஆரம்பித்தார்கள். மேலேயிருந்து தண்ணீர் வரும். குழாய்த் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்து, எங்கும் தேங்காமல் கீழே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அப்பாவிடம்தான் கேட்டுக் கேட்டு எழுதினாள். எந்த வளைவில் முதலில் அடைக்கும், ஏன் அடைக்கும் என்று. அடைப்புக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தன் தொழிலைப் பற்றி மகள் கேட்டதும் அன்றுதான் முதல் தடவை. அதை ஒருவர் அருவருப்பில்லாமல் கேட்டதும் அன்றுதான் முதல் தடவை. பிள்ளைகள் எழுதியதை எல்லாம் வகுப்பு முடிகிற அன்று பெரிய திரையில் போட்டு எல்லாருக்கும் காட்டுவார்களாம். "நீங்க வரணும்ப்பா, முன்வாசல் வழியா வரணும்," என்று அப்போதே சொல்லி வைத்தாள்.

கை தேய்த்து அனுப்பிய அன்று பாப்பா ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. விரல் நுனியெல்லாம் சிவந்து, கீபோர்டுக் கட்டையை அழுத்தினால் சுரீர் என்றது. அவள் சொல்லச் சொல்ல கண்ணாடிப் பையன் அடித்தான். "கையில என்ன?" என்று அவன் கேட்டதற்கு, "சூடு பட்டுடுச்சு," என்றாள்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள்.

"இனிமே அவங்கவங்க கீபோர்டை அவங்கவங்கதான் கொண்டு வரணுமாம்ப்பா. எல்லாரும் தனித்தனியா."

"கீபோர்டுன்னா அந்த எழுத்துக் கட்டையா? அவ்வளவுதான? நான் பார்த்துக்கறேன்."

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடைக்காரர் ஒருவர் தெரிந்தவர். அந்தக் கடையின் கழிவுக் குழாயை அடைப்புக்காரர் எத்தனையோ தடவை சரி செய்து கொடுத்திருக்கிறார். மூலையில் கிடந்த பழைய கீபோர்டு ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார் கடைக்காரர். வேலை செய்யும், ஆனால் அழுக்கு அப்பிக் கிடந்தது. சும்மா விடுவாரா நம் ஆள்? பாப்பா பள்ளிக்கூடம் போயிருந்த சமயம் பார்த்து, ஒவ்வொரு எழுத்துக் கட்டையாக நெம்பி எடுத்து, சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, பஞ்சால் துடைத்து, வெயிலில் காயவைத்தார். திரும்ப மாட்ட உட்கார்ந்தபோதுதான் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. எடுக்கும்போது பார்த்திருந்தார்: ஏ-க்குப் பக்கத்தில் எஸ், க்யூ என்னடாவென்றால் எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக நின்றது.

"எவனோ அவசரத்துல மாட்டியிருக்கான், சோம்பேறி," என்றார் பெண்டாட்டியிடம்.

பாப்பா ஒன்றாம் வகுப்பு படித்தபோது கூடவே உட்கார்ந்து அவரும் ஏ, பி, சி கற்றுக்கொண்டிருந்தார். அது இத்தனை வருஷம் கழித்துக் கைகொடுத்தது. ஏ, பி, சி, டி என்று ஆரம்பித்து, பிசகாமல் வரிசையாக மாட்டி முடித்தார். சில கட்டைகள் கொஞ்சம் சாய்ந்து நின்றன. ஆனால் எழுத்துகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக நின்றன.

சாயங்காலம் அதைப் பார்த்த பாப்பாவுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே உள்ளே போய்விட்டது.

"சூப்பரா இருக்குப்பா. இப்பதான் ஈஸியா கண்டுபிடிக்க முடியும்."

"பின்னே? கொஞ்சம் பொறுமை இருந்தா போதும்," என்றார் அவர் பெருமையாக.

பழையபடி மாற்றி மாட்டுவது அவளுக்கு ஒரு பெரிய வேலையே இல்லை. அவள் மாற்றவில்லை. எழுத்தைப் பார்க்காமல் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடிக்கப் பழகிக்கொண்டாள். ஒவ்வொரு வாரமும் பையில் அதைப் போட்டுக்கொண்டு போனாள், கொண்டுவந்தாள். எந்த மேசையில் உட்காருகிறாய், யார் பக்கத்தில் என்று அப்பா கேட்டால், "கடைசி மேசைப்பா, காத்து நல்லா வரும்," என்பாள். கண்ணாடிப் பையனைப் பற்றிய பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. பெண்பிள்ளை பெரியவளாகிறாள், அப்படித்தான் இருக்கும் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

காட்டுகிற நாள் வந்தது. அடைப்புக்காரர் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்தக் கட்டடத்தின் முன்வாசல் வழியாக முதன்முதலாக உள்ளே நுழைந்தார். காவல்காரர் எழுந்து, "என்ன, எங்க அடைப்பு?" என்று கேட்டார். "அடைப்பு இல்ல, என் பொண்ணு விளையாட்டைக் காட்டறாங்க," என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் பதிலைச் சொல்லிப் பார்ப்பதற்காகவே இன்னொரு காவல்காரர் இருந்திருக்கலாம் என்று தோன்றியது அவருக்கு.

கூடத்தில் பெற்றோர் வந்துகொண்டிருந்தார்கள். பின்சுவரை ஒட்டி நின்றார். பிள்ளைகள் கடைசி நேரத் திருத்தங்களில் மும்முரமாக இருந்தார்கள். முதல் மேசையில் இரண்டு தலை, ஒரு கீபோர்டு. அதற்கடுத்த மேசையிலும் இரண்டு தலை, ஒரு கீபோர்டு. ஒருத்தி அடிக்க, ஒருத்தி அவள் கையைத் தட்டிவிட்டுத் தான் அடித்தாள். அவர் ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்குமே தனித்தனியாக இல்லை. கடைசி மேசையில் மட்டும் ஒரே ஒரு தலை. பக்கத்து நாற்காலி காலி. அவர் கழுவி, காயவைத்து, வரிசையாக மாட்டிய கீபோர்டு அவள் முன்னால் இருந்தது.

மீதிப் பிள்ளைகள் இன்று கொண்டுவர மறந்திருப்பார்கள் என்று ஒரு கணம் நினைத்தார். நம்புவதற்கு மனசு என்னவெல்லாம் தேடுகிறது.

டீச்சர் ஒவ்வொரு மேசையாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். பாப்பாவின் கீபோர்டில் ஏதோ அடிக்கப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"என்ன இது, எழுத்தெல்லாம் இடம் மாறியிருக்கு?"

"நான்தான் டீச்சரம்மா," என்று அடைப்புக்காரர் முன்னால் வந்தார். "கலைஞ்சு கிடந்துச்சு, வரிசையா மாட்டிட்டேன்."

அவள் சிரித்தாள். கேலியில்லாத, நல்ல சிரிப்பு. "பரவாயில்லண்ணா. ஒரு விதத்துல இதுவும் நல்லதுதான். வேற பசங்க தெரியாம எடுத்து அடிச்சிட மாட்டாங்க."

"அடிச்சா என்ன டீச்சரம்மா?"

டீச்சர் பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா திரையைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேண்ணா." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கட்டடச் சங்கத்து செக்ரட்டரி வீட்டம்மாதான், அந்தக் கண்ணாடிப் பையனோட அம்மா, ஒரே கீபோர்டுல கை வைக்கக் கூடாது, சுத்தம், காய்ச்சல், அப்படி இப்படின்னாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கூடத்தையே தரமாட்டோம்னுட்டாங்க. பாப்பாவை நிறுத்த எனக்கு மனசு வரல. அவ மட்டும் தனியா ஒண்ணு கொண்டு வந்துட்டா யாருக்கும் பிரச்சினை இல்ல பாருங்க. பாப்பாவும் புரிஞ்சுக்கிட்டா. தங்கமான பொண்ணு."

"கை கழுவிட்டு வரச் சொன்னது?"

டீச்சர் பக்கத்துக் காலி நாற்காலியை மேசைக்கடியில் தள்ளி வைத்தாள்.

"அதுவும் இவளுக்கு மட்டும்தானா டீச்சரம்மா?"

அவருக்கு அந்தக் குழாயடியும், பிரஷ்ஷும், மகள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த முகமும் கண்முன் வந்து நின்றன. அழுக்கு இல்லாத கையை அழுக்கு என்று நம்பித் தேய்த்தது அவர் கைதான். ஊரார் செய்ததைவிட அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை. குனிந்து கீபோர்டின் வயரை உருவினார், சுற்றினார், பையில் போட்டார்.

"எழுந்திரு பாப்பா. போலாம்."

டீச்சர், "அண்ணா, அண்ணா," என்று இரண்டடி பின்னால் வந்தாள். மூன்றாவது அடி வரவில்லை.

வாசல் கேட்டருகே வந்ததும் பாப்பா நின்றுவிட்டாள்.

"எனக்குத் தெரியும்ப்பா. மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா பொய் சொன்ன? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா இப்படிக் கூட்டிட்டு வந்துடுவீங்க."

அவர் கையிலிருந்த பையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"தனியா உக்காந்தா என்னப்பா? அங்க உக்காந்தாதான் எழுத முடியும். கேம் முடிச்சுட்டேன்ப்பா, இன்னிக்குக் காட்டணும். அடுத்த வகுப்புல இன்னும் பெருசா சொல்லித்தரப் போறாங்க. இவங்க வேணாம்னா வேற யாருப்பா எனக்குச் சொல்லித் தருவாங்க? நம்ம பக்கத்துல யாருக்குத் தெரியும்?"

இப்போதுதான் அவள் அழுதாள். கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்த இத்தனை வாரமும் வராத அழுகை. அவமானத்துக்காக அழுகிறாள் என்றால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். அவள் அழுதது அந்த அவமானத்தைத் தன்னிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள் என்பதற்காக. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ரோஷம் அவருடையது. படிப்பு அவளுடையது. தன்னுடையதை விட்டுவிட்டார்.

திரும்பி உள்ளே போய், அதே கடைசி மேசையில், தன் கையாலேயே வயரைச் செருகிவிட்டார்.

"புரிஞ்சுக்கிட்டீங்களேண்ணா, ரொம்ப சந்தோஷம்," என்றாள் டீச்சர். அவள் கண் கலங்கியிருந்தது. கலங்கி என்ன செய்ய?

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரையில் காட்ட ஆரம்பித்தார்கள். ஒரு பையன் ராக்கெட் விட்டான். ஒரு பெண் பூ வரைய வைத்தாள். அடுத்தது பாப்பாவின் முறை. அடைப்புக்காரர் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு தூணோரமாக நகர்ந்தபோது, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். செக்ரட்டரி வீட்டம்மா.

"நல்ல வேளை, நீயே இங்க இருக்க. எங்க வீட்டு பாத்ரூம்ல தண்ணி போகாம ஹாலுக்கு வரப்பாக்குது. விருந்தாளி வேற வந்திருக்காங்க. சட்டுனு வா."

"பத்து நிமிஷம்மா. அடுத்தது என் பொண்ணு. பார்த்துட்டு ஓடி வந்துடறேன்."

"அதுக்குள்ள வீடு நாறிடும். இவங்க எல்லாம் இங்கதான இருக்கப் போறாங்க? வா வா."

பாப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கூட்டத்தில் அவரைத் தேடுவது தெரிந்தது. இந்தக் கூடம் யார் கையில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அவள் பார்வை தூணருகே வருவதற்குள் படியேறிவிட்டார்.

குளியலறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கம்பி கொண்டுவரவில்லை, கையைத்தான் விட வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையின் கையை மடித்துக்கொண்டார். மடித்தவர் அப்படியே நின்றார்.

"என்ன யோசிக்கிற?" என்றாள் அந்த அம்மாள் வாசலிலிருந்து.

"என் கை இதுல படும்மா. பரவாயில்லையா?"

"இது என்ன கேள்வி? படாம எப்படி எடுப்ப?"

"கீழ ஒரு எழுத்துக் கட்டையில என் புள்ள கை படக் கூடாதுன்னீங்களாம். அதான் கேட்டேன்."

அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. உள்ளே விருந்தாளிகள் பேசிக்கொண்டிருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்.

"அது வேற, இது வேற."

எப்படி வேறு என்று சொல்வாள் என அவர் காத்திருந்தார். தண்ணீர் மெதுவாக ஏறி வாசற்படியைத் தொட்டது. அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

"சரிம்மா. இந்த வேலை என்னோட போகட்டும். அவ நீங்க சொன்ன அந்த 'வேற'யில, அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்துலயே இருக்கணும்னுதான் உங்ககிட்ட எல்லாப் பேச்சையும் வாங்கிக்கிட்டு நிக்கிறேன்," என்றார் அவர்.

பிறகு குனிந்து, தோள்வரை கையை உள்ளே விட்டார். கீழே கூடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். யாருக்கென்று அங்கிருந்து தெரியவில்லை.